பீம் மேல் சுவர் வந்தால் தளத்தைத் தடிமனாக்கினால் போதுமா?

கேள்வி: எங்கள் ஹால் 11 அடி அகலம், 24 அடி நீளம். அதை ஒட்டி டைனிங். நடுவே சுவர் வேண்டாம் என்று 11 அடிக்கு ஒரு பீம் மட்டும் போடுகிறோம். மாடியில் அதே பீமுக்கு மேலேதான் படுக்கையறையின் 9 அங்குலச் செங்கல் சுவர். மொட்டைமாடியில் அதே இடத்தில் 2000 லிட்டர் டேங்க். தளத்தை 5 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாக்கிவிட்டால் எதையும் தாங்கும் என்கிறார் மேஸ்திரி. அடுத்த வாரம் கம்பி கட்டப்போகிறார்கள். அவர் சொல்வது சரிதானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை. தளம் 5 அங்குலமே இருக்கட்டும். கூட்டுகிற அந்த ஒரு அங்குலம் ஹால் முழுக்கச் சேர்ந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். அதையும் பீம்கள்தானே சுமக்க வேண்டும்?

எடை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். 11 அடி நீளம், 10 அடி உயரச் செங்கல் சுவர் பூச்சோடு சேர்ந்து சுமார் 5 டன். வீடுகளில் ஆட்கள், சாமான்களுக்காகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கு வைக்கிறோம். அப்படிப் பார்த்தால் உங்கள் ஹால் முழுவதற்கும் வருவதும் ஏறக்குறைய அதே 5 டன்தான். அவ்வளவும் இங்கே ஒரே கோட்டில் இறங்குகிறது. டேங்க் தண்ணீர் 2 டன், மாடித் தளத்தின் பங்கு வேறு. இதெல்லாம் நேராக பீமுக்குத்தான் போகிறது. ஆகவே பீமின் உயரம், அடிக்கம்பி, தூணுக்குப் பக்கத்தில் ரிங் (பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) எவ்வளவு நெருக்கம், தூண், அஸ்திவாரம் எல்லாவற்றையும் இந்த எடையைச் சொல்லி ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். அது கைக்கு வராமல் கம்பி கட்ட விடாதீர்கள்.

இனி தளத்துக்கு வருவோம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் ஹாலின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எனவே தளத்தின் எடையைச் சுமக்கும் மெயின் கம்பி குறுகிய 11 அடிப் பக்கமாக ஓடும், அதாவது அந்த பீமுக்கு இணையாக. மெயின் கம்பி பீமைக் கடக்காததால், பீம் மேல் தளத்தில் எதுவும் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பீமின் இரு பக்கமும் தளம் கீழே தொய்யப் பார்க்கும், பீமோ அவ்வளவு அசையாது. இதனால் பீமுக்கு மேலே தளத்தின் மேல்முகம் இழுபடும். அங்கே கம்பி இல்லையென்றால் பீம் ஓரமாகவே நீளத்துக்கு ஒரு விரிசல் விழும். தளமும் பீமும் சேர்ந்து வேலை செய்யும் என்று நம்பித்தான் பீமை டிசைன் செய்திருப்பார்கள். அந்தப் பிணைப்பும் கெடும்.

இதற்கு, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 தெளிவாக வழி சொல்கிறது: தளத்தின் நடுவில் உள்ள மெயின் கம்பியில் குறைந்தது 60 சதவீதம் அளவுக்கு, பீமுக்குக் குறுக்கே கம்பி போட வேண்டும். மெயின் கம்பி 10 எம்.எம்., 6 அங்குல இடைவெளி என்றால், குறுக்கே மேல்பக்கம் 8 எம்.எம். கம்பி அதே 6 அங்குலத்தில் போட்டால் கணக்கு சரியாகிவிடும். பீமுக்கு இரு பக்கமும் 3 அடி நீட்டச் சொல்வது என் வழக்கம்.

கம்பி போட்டால் மட்டும் போதாது, மேலேயே நிற்கவும் வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து மிதித்து இந்தக் கம்பி அடிக்கம்பியோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது இருந்தும் பயனில்லை. மேல்கம்பியைத் தாங்கி நிறுத்தும் சேர் கம்பி நெருக்கமாக வைத்து, நடக்கப் பலகை போடச் சொல்லி, அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். எலக்ட்ரிக் பைப்புகளைக் கொத்தாக பீம் ஓரமாகவே ஓட்டவும் விடாதீர்கள்.

கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம். இந்த அளவுத் தளத்துக்குக் குறைந்தது 7 நாள், பீமுக்கு 14 நாள். தளத்து முட்டைப் பிரிக்கும் கையோடு பீம் முட்டையும் உருவிவிடுவார்கள், கவனம். மாடிச் சுவரும் தளமும் முடியும்வரை பீமுக்கு அடியில் முட்டு நின்றால் இன்னும் நல்லது.

எடையையே குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்தச் சுவரை ஏ.ஏ.சி. பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள இலேசான கான்கிரீட் கல்) கட்டினால் செங்கல் எடையில் பாதிகூட வராது. டேங்கை நான்கு தூண் உள்ள மாடிப்படி அறைக்கு மேலே மாற்றுங்கள். மாற்றும் முன் அந்தத் தூண்களுக்கும் இந்த 2 டன்னைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.