ஐந்து செக்கன் தண்டனை நியாயமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2019ஆம் ஆண்டு கனேடிய கிராண்ட் பிரி போர்முலா 1 கார் ஓட்டத்தில் முதலாவதாக வந்த செபஸ்டியன் வெட்டலுக்கு, ஓடி முடித்த நேரத்துடன் 5 செக்கனைக் கூட்டும் தண்டனை கொடுத்து, வெற்றியை லூயிஸ் ஹமில்டனிடம் ஒப்படைத்தது நியாயந்தானா? எங்கள் வாசிகசாலையில் இந்த வாதம் இன்றும் ஓயவில்லை. புற்றரையில் வழுக்கிக்கொண்டிருந்த காரை அவர் வேறு எங்கே கொண்டுபோயிருக்க முடியும்?
– வட்டுக்கோட்டை வாசகர்

பதில்: ஜூன் 9ஆம் திகதி நடந்த அந்த ஓட்டத்தை நானும் பார்த்தேன். மொன்றியலில் பிற்பகல் இரண்டு மணி கடந்து தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் இரவு 11.40. முடிவு தெரிந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. வீட்டார் விழித்துவிடக் கூடாதென்று தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கும், தண்டனை அறிவிப்பு திரையில் ஓடியபோது உங்களைப் போலவே நெஞ்சு கொதித்தது. வெட்டலின் அணியான பெராரி அந்த ஆண்டில் அதுவரை ஓர் ஓட்டத்தைக்கூட வென்றிருக்கவில்லை. முதலிடத்திலிருந்து புறப்பட்ட வெட்டல், ஹமில்டனின் நெருக்குதலைச் சுற்றுக்குச் சுற்று தாங்கிக்கொண்டு முன்னே ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் காட்சியை மீண்டும் மீண்டும் பார்த்த பிறகு, தண்டனை சரியானதுதான் என்ற முடிவுக்கு வந்தேன். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

நடந்ததை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். மொத்தம் 70 சுற்றுகள். 48ஆவது சுற்றில், மூன்றாம் வளைவில் வெட்டலின் காரின் பின்பகுதி நழுவியது. ஓடுபாதையை விட்டு விலகிப் புற்றரையைக் கடந்த அவர், நான்காம் வளைவின் முடிவில் மீண்டும் பாதைக்குள் ஏறினார். ஹமில்டனின் காரில் பொருத்தியிருந்த கமராவின் படத்தை மட்டும் கவனியுங்கள். வெட்டலின் பின் ரயருக்கும் வலப்பக்கச் சுவருக்கும் இடையில் ஒரு கார் புகக்கூடிய இடைவெளி முதலில் தெரிகிறது. அந்த இடத்துக்குள் ஹமில்டன் வருகிறார். சிவப்புக் கார் வலப்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்க, இடைவெளி குறுகிக் குறுகி இல்லாமற் போகிறது. ஹமில்டன் பிரேக்கை அழுத்துகிறார். அவர் அழுத்தாமல் விட்டிருந்தால் இரண்டு கார்களும் சுவரில்தான் முடிந்திருக்கும்.

பாதையை விட்டு விலகிய ஓட்டுநர் மீண்டும் பாதைக்குள் வரலாம், ஆனால் பாதுகாப்பான வேளையில் மட்டுமே வரலாம் என்பதும், விலகியதால் நிலையான அனுகூலம் எதையும் அடையக் கூடாது என்பதும் விதி. வெட்டல் வேண்டுமென்று செய்தாரா இல்லையா என்றே வாசிகசாலைகளில் வாதம் நடக்கிறது. அந்தக் கேள்வியை விதி கேட்கவேயில்லை. எங்கள் ஊர் ஒழுங்கை ஒன்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறை வீதிக்கு ஏறும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒழுங்கை முகப்பில் குவிந்து கிடக்கும் மணலில் ரயர் சறுக்கி, அவர் நினையாமலே வீதியின் நடுவுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மீது நமக்கு இரக்கம் வரலாம். அதற்காக வீதியில் நேராக வந்துகொண்டிருந்தவர் மீது பிழை சொல்வோமா? வெட்டலுக்குப் புற்றரையில் வேறு வழி இருக்கவில்லை என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுபோனது மூன்றாம் வளைவில் அவரே செய்த பிழை. அதன் விலையை ஹமில்டன் கொடுக்க வேண்டியதில்லை.

இதே போன்ற சம்பவங்களில் வெவ்வேறு தீர்ப்புகள் வந்தன என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 2016இல் மொனாக்கோவில் ஹமில்டன் வளைவைத் தவறவிட்டுப் பாதைக்குத் திரும்பியபோது, பின்னால் வந்த டானியல் ரிக்கார்டோ வேகத்தைக் குறைக்க நேர்ந்தது. ஹமில்டனுக்குத் தண்டனை இல்லை. அது பிழையான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். ஆனால் 2018இல் ஜப்பானின் சுசுக்கா ஓடுபாதையில் மக்ஸ் வெர்ஸ்டப்பன் இதே முறையில் பாதைக்குத் திரும்பி, பெராரி ஓட்டுநர் கிமி ரைக்கோனனின் காருடன் மோதியபோது, அவருக்கும் இதே 5 செக்கன்தான் கிடைத்தது. அன்று பெராரி ரசிகர் எவரும் அதை அநியாயம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. மொன்றியலில் தீர்ப்பளித்த நடுவர்களுள் ஒருவர் இத்தாலியரான முன்னாள் போர்முலா 1 ஓட்டுநர் எமானுவேல் பிறோ என்பதையும், பெராரிக்கு எதிரான சதி என்று பேசுவோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

கேள்வி: தீர்ப்புப் பிழையென்றால் பெராரி ஏன் மேன்முறையீடு செய்து வெல்லவில்லை?
– சுன்னாகம் வாசகர்

பதில்: ஓட்டத்தின்போது விதிக்கப்படும் இத்தகைய நேரத் தண்டனைகளுக்கு மேன்முறையீடு கிடையாது. தீர்ப்பின்போது கிடைத்திராத, புதியதும் முக்கியமானதுமான சான்று இருந்தால் மீளாய்வு கோரலாம். பெராரி அந்த வழியில் சென்றது. அது முன்வைத்தவற்றுள், சென்னையில் பிறந்த முன்னாள் போர்முலா 1 ஓட்டுநர் கருண் சந்தோக் தொலைக்காட்சியில் அந்தச் சம்பவத்தை ஆராய்ந்து விளக்கிய ஒளிப்பதிவும் ஒன்று. அது புதியது என்பதை நடுவர்கள் ஏற்றார்கள்; தீர்ப்பை மாற்றும் அளவுக்கு முக்கியமானதென்று ஏற்கவில்லை. ஜூன் 21ஆம் திகதி கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது வெட்டல் 1.342 செக்கன் முன்னால் இருந்தார். 5 செக்கனைச் சேர்த்ததும் 3.658 செக்கன் பின்தங்கி இரண்டாமிடம் என்பதே இறுதி முடிவாக நிலைத்தது. ஓட்டம் முடிந்த பின்னர்தான் வெற்றியாளர் மாறுகிறார் என்ற மனக்குறையில் நியாயம் உண்டு. முந்தப்பட்டிருக்க வேண்டியவர் இடத்தை உடனேயே விட்டுக்கொடுக்கும்படி பணித்திருந்தால், மீதி ஏறத்தாழ 20 சுற்றுகளிலும் இருவரும் பாதையிலேயே போட்டியிட்டுத் தீர்த்திருப்பார்கள். அதையே நான் விரும்பியிருப்பேன்.

கேள்வி: மொன்றியலில் வசிக்கும் என் பெரியப்பாவின் மகன், அன்று பார்வையாளர் அரங்கில் நின்று ஹமில்டனை நோக்கிக் கூச்சலிட்டதைப் பெருமையாகச் சொல்கிறார். அது அழகல்ல என்று சொன்னதற்கு என்னுடன் கோபித்துக்கொண்டார். நான் சொன்னது பிழையா?
– பருத்தித்துறை வாசகி

பதில்: பிழையில்லை, தங்கச்சி. தீர்ப்பளித்தவர்கள் நடுவர்கள், ஹமில்டன் அதில் பங்கேற்கவில்லை. வெட்டலும் அன்று கடுங்கோபத்தில்தான் இருந்தார். ஹமில்டனின் காருக்கு முன்னால் இருந்த முதலாமிடப் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய், தன் கார் நின்றிருக்க வேண்டிய வெற்றிடத்தில் வைத்தார். அப்படிப்பட்டவரே மேடையில் ஒலிவாங்கி கைக்கு வந்ததும், ஹமில்டனைப் பழித்துக் கூச்சலிட வேண்டாமென்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். வெட்டலின் பக்கம் நிற்பவர் வெட்டல் கேட்டதையாவது செய்திருக்கலாமே என்று, கோபம் தணிந்த ஒரு நாளில் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.