திருடனே தேவலாம்

கேள்வி: பாடகி ஜோனி மிட்செல் 1968-இல் கனடாவின் ஒட்டாவாவில், ஒரு காபி கிளப்பில் பாடிய கச்சேரி 2021-இல் ஓர் ஆல்பத் தொகுப்பில் வந்திருக்கிறது. யாரோ ஒரு ரசிகர் பதிந்து, திருட்டுப்போய், மீண்ட நாடாவாம். வந்தபோதே 53 வருடப் பழசு. காசு கொடுத்து வாங்கும் அளவுக்குத் தேறுமா? (வாசகர், திருச்சி)

பதில்: 'யாரோ ஒரு ரசிகர்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அவர் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ராக் கிடார் கலைஞர். மேடையில் கிடாரைக் கொளுத்தினாரே, அவரேதான். அன்று, மார்ச் 19, அதே ஊரில் அவருக்கும் கச்சேரி. அதை முடித்த கையோடு பெரிய டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓரடி உயர மேடையின் ஓரத்தில் மண்டியிட்டு, கடைசிவரை குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தாராம். ஜோனியே சொன்னது. ஜோனியின் முதல் இசைத்தட்டு அப்போது வெளிவரும் தறுவாயில் இருந்தது.

கிளப்பின் பெயர் 'லு ஹிபூ'. பிரெஞ்சில் ஆந்தை. நம்மூரில் ஆந்தை என்று போர்டு மாட்டிக் காபிக்கடை திறந்து பாருங்கள், பால்காரர்கூடப் படியேற மாட்டார்.

தேறுமா என்றால், தேறும். அந்த முதல் இசைத்தட்டைத் தயாரித்த டேவிட் கிராஸ்பி, ஜோனியை பியானோவின் தந்திகளுக்குள் பாடவைத்து, அந்த அதிர்வைப் பிடிக்கக் கூடுதல் மைக்கும் வைத்தார். பிடிபட்டது என்னவோ இரைச்சல். இரைச்சலை வடிகட்டப் போய்க் குரலின் கீச்சும் மினுக்கும் சேர்ந்து போயின. ஸ்டூடியோவில் இத்தனை கூத்து. மண்டியிட்ட மனிதரின் நாடாவில் குரல் குரலாக இருக்கிறது. 'நான் ஃபோக் (நாட்டுப்புறப் பாணி) பாடகியே இல்லை' என்று பல காலம் சண்டை பிடித்த ஜோனிகூட, அந்தக் காலத்துப் பதிவுகளைக் கேட்டபிறகு தன் ஆரம்பத்தை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.

என் காதில் விழுந்த சொல் 'திருட்டு'. பதிந்த சில நாளிலேயே நாடா களவுபோனது. எங்கெங்கோ சுற்றி, தனியார் சேகரிப்பு ஒன்றோடு கனடாவின் தேசிய நூலகக் காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து ஜோனி கைக்குப் போனது. ஒரு கீறல் இல்லை. ஹெண்ட்ரிக்ஸ் அதை யாருக்காவது கடன் கொடுத்திருந்தால்?

நான் கொடுத்தேன். 1986. சபாவில் பின்வரிசையில் உட்கார்ந்து நானே பதிந்த கேசட். 'ரெண்டே நாள் அத்தான்' என்று மைத்துனர் வாங்கிப் போனார். எட்டு மாதம் கழித்து வந்தது. பத்து நிமிடம் தோடி. பிறகு 'டக்'. பிறகு குக்கர் விசில். பிறகு மைத்துனர் மகன், ஆறாம் வாய்ப்பாடு. "ஆறேழு நாற்பத்தெட்டு." "சபாஷ்டா!" என்று அப்பன் குரல். கேசட் முடியும்வரை இதுதான். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் நாடா தீர்ந்துபோனதால் நான் தப்பித்தேன். அன்றிலிருந்து புத்தகம், குடை, ஏணி எதுவும் வெளியே போவதில்லை. கருமி என்று எழுதும் வாசகர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் இப்போது பெங்களூரில் இன்ஜினியர். கட்டிய பாலங்கள் எவை என்று நான் விசாரிக்கவில்லை. போன மாதம் போன் செய்தான். "மாமா, என் குரல் இருக்கற கேசட் உங்ககிட்ட இருக்காமே, ரெண்டு நாள் குடுங்களேன்."

வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து திருடிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.