பள்ளி மாவட்டக் கட்டுரையை நீக்கிவிடுவார்களா?

டெக்சாஸின் சிறிய பள்ளி மாவட்டம் ஒன்றைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் நீங்கள் எழுதிய மூன்று வரிக் கட்டுரையில் நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கக் கோரும் அறிவிப்பு) விழுந்திருக்கிறது என்கிறீர்கள். பதற வேண்டாம். வைத்தவர் பள்ளியையும் பள்ளி மாவட்டத்தையும் ஒன்றாக நினைத்துவிட்டார் போலும். பள்ளி இருக்கிறது என்பது மட்டுமே தனிக் கட்டுரைக்குத் தகுதியாகாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் பள்ளிக் கட்டுரைகள் பற்றி 2017-இல் நடந்த விவாதத்திலேயே அது தெளிவாகிவிட்டது. மாவட்டத்தின் கதை வேறு. அதற்கு எல்லை உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு, சொத்துவரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இத்தகைய மாவட்டங்களைத் தனித்தனி அரசாங்கங்களாகவே எண்ணுகிறது. எனவே ஊர்க் கட்டுரைகளைப் போல இவையும் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆனால் மாவட்டத்தின் சொந்த இணையதளம் மட்டுமே சான்றாக நிற்பது உதைக்கிறது. கடன்பத்திர வாக்கெடுப்பு (மாவட்டம் கடன் திரட்ட வாக்காளர்களின் ஒப்புதல் கேட்பது), பள்ளி இணைப்பு பற்றி உள்ளூர் நாளிதழில் வந்த செய்திகளைத் தேடிச் சேருங்கள். மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரின் வரவேற்புரையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.