பழைய போனை ரிமோட் விமானத்தில் ஏற்றலாமா?

கேள்வி: என்னிடம் 700 கிராம் எடையுள்ள ஃபோம் ரிமோட் விமானம் இருக்கிறது. பறக்கும்போது உயரம், வேகம், சாய்வு தெரிய வேண்டும். "அதற்குத் தனிக் கருவி எதற்கு? பழைய ஸ்மார்ட்போனில் எல்லா சென்சாரும் இருக்கிறதே" என்கிறார் நண்பர். காசை மிச்சப்படுத்தலாமா?

பதில்: இந்த விமானத்தில் வேண்டாம். போன் 175 கிராம் என்று வைத்தாலே எடை கால் பங்கு கூடிவிடும். ஸ்டால் ஆகும் வேகம், அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகம், சுமார் 12 சதவீதம் ஏறும். தரையிறக்கும்போது அது நன்றாகவே தெரியும்.

எடையை விடுங்கள், எனக்குப் பெரிய கவலை வேகம்தான். ஜிபிஎஸ் சொல்வது தரையை ஒட்டிய வேகம். இறக்கையைத் தாங்குவதோ காற்றை ஒட்டிய வேகம். வினாடிக்கு 5 மீட்டர் பின்காற்று அடிக்கும்போது போன் 12 என்று காட்டினால், இறக்கைக்குக் கிடைப்பது 7 மட்டுமே. அந்த 12-ஐ நம்பி த்ராட்டிலைக் குறைத்தால் விமானம் விழும். காற்று வேகத்தை அளக்கப் பிட்டோ குழாய் வேண்டும். எந்தப் போனிலும் அது கிடையாது.

உயரத்தை, காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் நன்றாகவே சொல்லும். ஆனால் எல்லாப் போனிலும் பாரோமீட்டர் இருக்காது. இருந்தாலும், எதிர்க்காற்று நேராக உள்ளே புகும் இடத்தில் வைத்தால், வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் உயரம் 11 மீட்டர் வரை குறைவாகத் தெரியலாம். சாய்வு விஷயத்தில், முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை மட்டும் நம்பும் ஆப், சீராகத் திரும்பும் விமானத்தைச் சமமாகப் பறப்பதாகவே காட்டும். சுழற்சியை அளக்கும் ஜைரோவையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஓரளவு சரியாக வரும்.

ஆகவே முதலில் பாரோமீட்டர் உள்ள வேரியோ (உயரத்தையும் ஏறி இறங்கும் வேகத்தையும் சொல்லும் சிறு சென்சார்) வாங்குங்கள். சில கிராம்தான் இருக்கும். வாங்குமுன் விமானத்தில் உள்ள ரிசீவரில் டெலிமெட்ரி போர்ட் (சென்சார் அளவுகளைத் தரைக்கு அனுப்புவதற்கான இணைப்பு) இருக்கிறதா, அந்த வேரியோ அதே புரோட்டோகால் பேசுமா என்று பாருங்கள். பொருந்தாத சென்சாரை வாங்கினால் கொடுத்த பணம் வீண். பிட்டோ பிறகு வரட்டும். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ப்ளூடூத் வசதியுள்ள சில டிரான்ஸ்மிட்டர்கள் (கையில் பிடிக்கும் ரிமோட்டுகள்) அளவுகளைப் போன் திரைக்கே அனுப்பும்.

மூன்று நான்கு கிலோ எடையுள்ள எலக்ட்ரிக் விமானம் என்றால் என் பதில் வேறு. அதில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பை வைத்து அளவுகளைப் பதிவு செய்து, இறங்கியபின் ஆராயலாம். போனைப் பறக்கும் பயன்முறையில் போட்டு, வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணைத்து, ரிசீவர் ஆன்டெனாவுக்குத் தள்ளி வையுங்கள். ரிமோட்டும் பெரும்பாலும் அவை பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகிறது. பெட்ரோல் என்ஜின் விமானத்தில் மட்டும் ஏற்றாதீர்கள். பைக் என்ஜின் அதிர்வே கேமராவின் ஓஐஎஸ் அமைப்பை (படம் ஆடாமல் காக்கும் பகுதி) கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.