பூட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: "ராஜா காலத்துப் பித்தளை" என்று சொல்லி 9,500 ரூபாய்க்கு மணிச்சித்திரத்தாழ் (சித்திர வேலைப்பாடுள்ள பழங்காலக் கதவுப் பூட்டு) ஒன்றைக் கொடுத்தார்கள். வாசல் கதவில் மாட்டி மூன்று மாதம்தான் ஆகிறது, ஓரமெல்லாம் செம்பழுப்பாக வடிகிறது. பித்தளை துருப்பிடிக்குமா? (வாசகி, குளச்சல்)

பதில்: பிடிக்காதம்மா. பித்தளையில் வருவது பச்சைக் களிம்பு. செம்பழுப்பு வடிந்தால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு. கடற்காற்று அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இரும்பிலேயே செய்த பழைய தாழ்கள் உண்டு, அதில் தப்பில்லை. இரும்பைப் பித்தளை என்று விற்றதுதான் மோசடி.

நானும் அடிபட்டவன்தான். "இருநூறு வருஷப் பூட்டு" என்று நாகர்கோவிலில் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து முகப்புத் தகட்டில் வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது; பித்தளையென்றால் ஒட்டாது. பின்பக்கம் திருப்பினால் நாலு திருகாணி, நாலும் கூட்டல் குறி வெட்டிய தலை. அந்தத் தலை 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஒன்று மட்டும் அப்படி இருந்தால் ரிப்பேரில் மாற்றியது என்று சமாதானம் சொல்லலாம்.

பில்லில் "பித்தளை" என்று இருந்தால் விடாதீர்கள். முதலில் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இன்னொன்று: நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை வியாபாரம் செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். இருநூறு வருஷம் என்று அளப்பவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், பூட்டின் வயசு மளமளவென்று குறையும்.

கேள்வி: ஆன்லைனில் அழகான பழைய சாவி ஒன்று வாங்கினேன். இதற்குப் பொருந்தும் பூட்டு எங்கே கிடைக்கும்? (மார்த்தாண்டம்)

பதில்: கிடைக்காது.

கேள்வி: தாத்தா கட்டிய வீடு. வாசல் பூட்டில் சாவி பாதி திரும்பி நின்றுவிடுகிறது. வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். (பூதப்பாண்டி)

பதில்: விடுவீர்கள், தெரியும். நம் ஊரில் தலைக்கும் தேங்காய் எண்ணெய், அவியலுக்கும் தேங்காய் எண்ணெய், பூட்டுக்கும் அதுவே. எத்தனை நல்ல பூட்டுகளை இது தின்றிருக்கிறது!

முதலில் கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் பூட்டில் கோளாறில்லை. கதவு தொய்ந்தோ, மழையில் ஊதியோ நாக்கு நிலையில் இடிக்கிறது. ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

அப்போதும் நின்றால் எண்ணெய்தான் குற்றவாளி. லீவர் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்காக இருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகி, ஒரு தகடு ஒட்டிக்கொண்டாலும் போச்சு. நீங்கள் இன்னும் முறுக்குவீர்கள், சாவி முறியும்.

பூட்டைக் கழற்றி மூடியைத் திறந்ததும், எதையும் தொடாமல் செல்போனில் ஒரு படம் எடுங்கள். தகடுகளை எடுத்த வரிசையிலேயே துணியில் பரப்புங்கள், வரிசை மாறினால் சாவி சேராது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். சாவிப் பல்லில் பென்சிலைக் கருகருவென்று தேய்த்து நாலைந்து தடவை திருப்பினால் போதும். சாவியை மட்டும் யாரையும் அராவ விடாதீர்கள்.

கேள்வி: பழைய பூட்டு ஒன்றின் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் 6,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். இப்போது போனை எடுப்பதில்லை. (குலசேகரம்)

பதில்: பின்பக்கப் படம் கேட்டீர்களா? இல்லை. முகவரி? இல்லை. பில்? அதுவும் இல்லை. என்ன சொல்ல! இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 1930-க்கு, சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, உடனே பேசுங்கள். தாமதமானால் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம்.

கேள்வி: பழைய வீட்டை இடிக்கிறோம். கதவுப் பூட்டை எடைக்குக் கேட்கிறார்கள். சாவி இல்லை. கொடுத்துவிடலாமா? (தக்கலை)

பதில்: பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? கதவு, பூட்டு, கொண்டி எல்லாவற்றையும் ஒன்றாகவே வையுங்கள். சாவிக்கு நிலையின் மேல்விளிம்பைத் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டுச் சாவி அங்கேதான் இருந்தது, புதுச் சாவிக்கு 600 ரூபாய் அழுத மறுவாரம் கிடைத்தது.