ஒல்லியா இருந்தா ஆபரேஷனுக்கு நல்லதுதானே டாக்டர்?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 46 வயசு. சின்ன வயசுல மூட்டு வலியோட காய்ச்சல் வந்ததுல இதயத்துல இருக்கற மைட்ரல் வால்வு சுருங்கிப் போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க. உயரம் 155 செ.மீ., எடை 40 கிலோ. "கொஞ்சம் உடம்ப தேத்திட்டு வாங்க"ன்னு டாக்டர் திருப்பி அனுப்பிட்டார். ஆனா 84 கிலோ இருந்த எங்க பெரிய மாமா போன வருஷம் வால்வு மாத்திட்டு ஜம்முனு நடமாடுறார். ஒல்லியா இருக்கறதுதானே நல்லது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: எல்லாரும் அப்படித்தாம்மா நினைக்கிறோம், ஆனா வால்வு ஆபரேஷன்ல கதை வேற. அம்மாவோட பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பார்க்கற அளவு) கணக்கு போட்டா 16.6தான் வருது, 18.5க்கு கீழ போனாலே எடை குறைவு. ஆபரேஷனுக்கு அப்புறம் அதிகமா சிரமப்படறதும் உயிருக்கு ஆபத்து கூடுதலா இருக்கறதும் இந்த ஒல்லி கூட்டத்துலதான்னு பல ஆய்வுகள்ல பார்த்தாச்சு, கொஞ்சம் பூசினாப்ல இருக்கறவங்க நார்மல் எடைக்காரங்க அளவுக்கு, சில ஆய்வுகள்ல அதவிட நல்லாவே தேறியிருக்காங்க. ஒபிசிட்டி பாரடாக்ஸ், அதாவது 'பருமன் முரண்'னு இதுக்கு பேரே வச்சிருக்காங்க.

அம்மா ஏன் ஒல்லியா இருக்காங்கன்னு யோசிங்க. வால்வு சுருங்கினா ரத்தம் பின்னாடி தேங்கும், நாளாக நாளாக ஈரலும் குடலும் கூட வீங்கும், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சாப்ல இருக்கும். அதுல கரையறது கொழுப்பு மட்டுமில்ல, தசையும்தான். ஆபரேஷன் முடிஞ்சு இருமி சளிய துப்பணும், எழுந்து நடக்கணும், புண் ஆறணும், இதுக்கெல்லாம் தசையும் புரதமும் வேணுமே, எங்கேர்ந்து வரும்? கால் வீக்கம் வேற இருந்தா அந்த 40 கிலோவுல தண்ணியும் சேர்த்தி.

இன்னொண்ணு, ஆபரேஷன் நேரத்துல இதயம், நுரையீரல் வேலையப் பார்க்கற ஹார்ட் லங் மெஷின் குழாய்ல முன்னாடியே 1 லிட்டருக்கு மேல திரவம் நிரப்பி வச்சிருப்பாங்க. 40 கிலோ உடம்புல ரத்தம் சுமாரா 2.6 லிட்டர்தான், அதுல இது கலந்தா ரத்தம் ரொம்ப நீர்த்துப் போகும், வெளி ரத்தம் ஏத்த வேண்டிய தேவை கூடும். மாமாவுக்கு இருந்த ரத்தம் தாங்கியிருக்கும்.

அதனால முட்டை, தயிர், சுண்டல், வேர்க்கடலைன்னு நாளுக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. சத்துன்னு சொல்லி கஞ்சிய சொம்பு சொம்பா ஊத்தாதீங்க, உப்பும் தண்ணியும் டாக்டர் சொன்ன அளவுதான். 50 கிலோ வரட்டும்னு நீங்களா தேதியத் தள்ளிப் போடவும் வேணாம், மூச்சு வாங்கறது கூடினா உடனே போய் காட்டுங்க, வால்வ சரி பண்ணாம உடம்பு ஒரு அளவுக்கு மேல ஏறாது. அப்புறம், பல் டாக்டர்கிட்ட காட்டியாச்சா? சொத்தைப் பல்லுல இருந்து கிருமி புது வால்வுல போய் உக்காரும், பாதிப் பேர் இத மறந்துடறாங்க.

கேள்வி: நான் 92 கிலோ, அயோர்டிக் வால்வு மாத்தணும். குண்டா இருந்தா தப்பில்லைன்னு படிச்சேன், அப்போ குறைக்க வேணாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: ஆசைதான் சார்! அந்த பாரடாக்ஸ நம்பி பிரியாணிய கூட்டாதீங்க. குண்டானவங்க பல பேர் கம்மி வயசுலயே ஆபரேஷனுக்கு வந்துடறாங்க, வேற வியாதியால எடை கரைஞ்சவங்க ஒல்லி பக்கம் சேர்ந்துடறாங்க, கணக்கு அதனாலயும் அப்படித் தெரியலாம். உயிர் தப்பினாலும் நெஞ்சு எலும்பு புண்ணுல சீழ் பிடிக்கறது, இதயம் படபடன்னு தப்பா துடிக்கறது, வென்டிலேட்டர்ல கூட நாள் கிடக்கறது எல்லாம் பெரிய உடம்புக்கு அதிகம், சுகர் இருந்தா இன்னும் மோசம். பெரிய உடம்புக்கு சின்ன வால்வு வச்சா புதுசு வச்சும் அடைப்பு மாதிரியே இருக்கும், 1978லயே ரஹிம்தூலாங்கற டாக்டர் எழுதின விஷயம் இது. சர்ஜன்கிட்ட வால்வு சைஸ் பத்தி தாராளமா கேளுங்க.

ஆனா ஆபரேஷன் பக்கத்துல இருக்கப்ப பட்டினி டயட் வேணாம், கொழுப்புக்கு முன்னாடி தசை போயிடும். மெக்கானிக்கல் (உலோக) வால்வு வச்சப்புறம் ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை வரும், அப்போ ஒரு வாரம் கீரையே கதின்னும் அடுத்த வாரம் கீரையே இல்லாமலும் இருந்தா ஐஎன்ஆர் (ரத்தம் உறையற வேகத்தைக் காட்டற டெஸ்ட் அளவு) தாறுமாறா ஆடும். இளைக்கிற பவுடர் பக்கமே போகாதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு வால்வு மாத்தி ஒரு மாசம் ஆச்சு, மூணு நாள்ல 2 கிலோ ஏறிட்டார். தேறிட்டார்னு சந்தோஷப்படலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: மூணு நாள்ல சதை போடாதும்மா, அது பெரும்பாலும் தண்ணி. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க. இனிமே தினம் காலைல பாத்ரூம் போய்ட்டு வந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி, அதே மிஷின்ல எடை பார்த்து காலண்டர்ல எழுதி வைங்க.