கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன்: கேட்டதும் சொன்னதும்

கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற வகை இசையின் பாடலாசிரியர் கிறிஸ்டோஃபர்சன் (1936–2024) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: வரி எழுதியது இவர், சரி. மெட்டு யார்?

அவரேதான். நம் சினிமாவில் மெட்டுக்கு ஒருவர், வரிக்கு ஒருவர். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பாடலாசிரியர் என்றால் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள். ஆனால் பாடுபவர் பல சமயம் வேறாக இருப்பார். பாடியவரே எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: தன் பாட்டைக் கேட்க வைக்க, பிரபல கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் வீட்டு முற்றத்தில் ஹெலிகாப்டரை இறக்கினாராமே, கையில் பீரோடு?

இறக்கியது உண்மை. பீர், கேஷ் சொன்ன கதையில் வருவது. கேஷ் அப்போது வீட்டிலேயே இல்லை என்று கிறிஸ்டோஃபர்சன் பிற்பாடு சொன்னார்.

கேள்வி: ஐயா, அவர் படித்தவரா?

ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் படித்தவர். ராணுவத்தில் கேப்டன், ஹெலிகாப்டர் விமானி. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு 1965-இல் நாஷ்வில் வந்து, கொலம்பியா ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் தரை துடைத்தார், சாம்பல் கிண்ணங்களைக் காலி செய்தார். பெற்ற தாயே அவரைக் கைவிட்டார். குடும்பத்தைக் காப்பாற்ற, மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டினார்.

கேள்வி: ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள் என்றால்?

'சண்டே மார்னிங் கமிங் டவுன்'. ஞாயிறு காலை தலைவலியோடு எழுந்திருக்கிறான் ஒருவன். இருக்கிற அழுக்குச் சட்டைகளில் கொஞ்சம் சுத்தமானதாகப் பார்த்து எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். யாரோ வீட்டில் கோழி பொரிக்கும் வாசனை. பூங்காவில் ஒரு அப்பா மகளை ஊஞ்சலாட்டுகிறார். தனிமை என்று ஒப்பாரி வைக்கவில்லை. அந்த வாசனையே அவன் இழந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறது. எனக்கு இன்றும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

கேஷ் இதைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியபோது, போதையைச் சொல்லும் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார்கள். மாற்றாமலே பாடினார். 1970-இல் கன்ட்ரி இசைச் சங்கம் இதைத்தான் ஆண்டின் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது.

கேள்வி: அந்த ஹெலிகாப்டர் கதையில், வீட்டுச் சொந்தக்காரர் கேஷ். அவர் சொல்வதைத்தானே நம்ப வேண்டும்?

ஓட்டி வந்தவர் மறுத்தாரே! கேஷ் நல்ல கதைசொல்லி, கதையை அழகாக்கிவிட்டார். நான் விமானி பக்கம்.

கேள்வி: 'மீ அண்ட் பாபி மெக்கீ' பாட்டு, ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் எழுதியதுதானே?

மேலே சொன்னேனே, பாடியவர் வேறு, எழுதியவர் வேறு. தலைப்பைக் கொடுத்தவர் தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபாஸ்டர், எழுதியவர் கிறிஸ்டோஃபர்சன். 1969-இல் முதலில் பாடிப் பதிவு செய்தவர் கன்ட்ரி பாடகர் ராஜர் மில்லர். ஜாப்ளின் இறந்த பிறகு, 1971-இல் அவர் குரலில் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

கேள்வி: ஹெலிகாப்டர் இறங்கியதற்குப் புகைப்படம் உண்டா?

ஹெலிகாப்டர் போதும் தம்பி. பாட்டைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கே தொடங்குவது?

1970-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம். குரல் கரகரப்பாக இருக்கும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.